பட்டைக்கல் சாமி

குளுவாங்,
19 பிப்ரவரி 2023

அன்பிற்குரிய தம்பி மோகனதாஸுக்கு,

பெருமான் திருவருள் உன்னைச் சூழ்ந்திருக்க வேண்டி அண்ணன் எழுதுவது. நேற்றுச் சிவராத்திரி. நோன்பிருந்து, இன்று காலை நீராடிப் பாரணம் முடித்தபின் எழுத அமர்ந்தேன். பொங்கலுக்கு முன் நான் எழுதிய மடலுக்கு உன் மறுமொழி இன்னும் வரவில்லை. அஞ்சற்காரன் உங்கள் ஊர்ப் பனியில் சிக்கிக்கொண்டான் போலும் என்று விஜிதாவிடம் சொன்னேன். "சித்தப்பாகிட்ட வாட்ஸ்அப்ல பேசுங்கப்பா, ரெண்டு நிமிசம்" என்கிறாள். ஜொகூர் பாருவில் குடியிருந்து, நாள்தோறும் பாலம் கடந்து சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மகளுக்கு எல்லாம் நிமிடக் கணக்கு. செவியில் கருவி மாட்டினால் எதிரில் இருப்பவர் பேச்சு எனக்குக் கேட்கிறது. தொலைபேசியில் வருவது வெறும் இரைச்சல். ஆகவே நமக்குத் தாளும் மையும்தான்.

பதினோராண்டுக்கு முன் நீ அனுப்பிய உன் நூல் பூசை அறையில் இருக்கிறது. ஐஸ்லாந்து மொழியில் ஓரெழுத்தும் நான் அறியேன். ஆயினும் வருவோரிடமெல்லாம் பின்னட்டைப் படத்தைக் காட்டி, என் தம்பி அந்நாட்டின் நிலவியலாளன், எழுத்தாளன், நான்காண்டு நாடாளுமன்றத்தில் அமர்ந்தவன் என்று சொல்லிக்கொள்கிறேன். காலையில் சாமிக்குப் பூ வைக்கும்போது அதன்மேலும் ஒன்று வைக்கிறேன்.

இனிச் செய்தி. காஹாங்கில் நாம் பிறந்து வளர்ந்த ஏழாங்கட்டைத் தோட்டத்தை வீடு கட்டும் நிறுவனம் ஒன்று வாங்கிவிட்டது. அப்பா தோட்டத்துக் கணக்கராக, கிராணியாக நின்று காலையில் தொழிலாளரைப் பெயர் கூப்பிட்ட பெரட்டுக்களம் இப்போது மண்மேடு. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும் அசையாது நின்ற நம் கோயிலை இவ்வாண்டு முடிவுக்குள் அகற்ற வேண்டுமென அறிவிப்பு வந்துள்ளது. மாற்றிடம் தருகிறார்களாம். ஆனால் நம் சுயம்புநாதர் பெயர்த்து வைக்கத்தக்க மூர்த்தம் அல்லர்.

தல வரலாற்றில் நான் எழுதியதை நீ படித்திருப்பாய். 1965இல் ரப்பர்ப் பால்மரம் வெட்டிய ராஜம்மாவின் தலைப்பிள்ளை இரண்டே நாள் உயிரோடிருந்து இறந்தது. தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் ரம்புத்தான் மரத்தடியில் புதைத்தார்கள். மூன்றாம் நாள் பால் தெளிக்கப் போனவள், புதைத்த இடத்தில் கரிய கல் ஒன்று மண்ணிலிருந்து எழுந்து நிற்பதையும், அதன் நெற்றியில் திருநீற்றுப் பட்டைபோல் வெண்கோடு சுற்றியிருப்பதையும் கண்டாள். தோட்டத்து மக்கள் பட்டைக்கல் சாமி என்றார்கள். சுயம்புநாதர் என்ற திருப்பெயர் பின்னாளில் அடியேன் இட்டது. நான் அப்போது ஜொகூர் பாருவில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். நீ தோட்டத்திலேயே இருந்தாய், ஒன்பது வயது. உனக்கு நினைவிருக்கும்.

நம் வழக்கறிஞர் ஹேமநாதன் சொல்கிறார்: "அங்கிள், உங்க வெண்பாவெல்லாம் கோர்ட்ல நிக்காது. கல்லு தரைப்பாறையோட ஒட்டி இருக்குன்னு ஒரு ஜியோலஜிஸ்ட் எழுதிக் குடுத்தா நிக்கும். உங்க தம்பி எம்.பி.யா வேற இருந்தவரு. அவரு லெட்டர்ஹெட்டே போதும் லா." அறங்காவலன் என்ற முறையில், அந்தக் கல்லை மனிதர் எவரும் வைக்கவில்லை என்று நான் சத்தியப் பத்திரம் கொடுக்க வேண்டும். உன் சான்றும் என் சத்தியமும் இருந்தால் கோயிலைச் சுற்றி வெற்றிடம் விட நீதிமன்றம் ஆணையிடக்கூடும். வேறு வழி இல்லை.

ராஜம்மாவுக்கு எண்பது வயது. அவளும் சொல்லியனுப்பினாள்: "உங்க தம்பி எரிமலைகிட்டயே எப்ப வெடிப்பேன்னு கேட்டு எழுதுறவராம். நம்ம கல்லு எங்கியும் போவாதுன்னு எழுத அவருக்கு என்னா கஷ்டம்?"

உன் மடலை எதிர்நோக்கும்
அண்ணன் சாம்பசிவம்

---

அக்குரேரி, ஐஸ்லாந்து
20 மார்ச் 2023

மதிப்பிற்குரிய அண்ணாவுக்கு வணக்கம்.

தாமதத்தைப் பொறுத்தருள்க. சிக்ரூன் மறைந்தபின் வீட்டில் கடிதங்களை நினைவூட்ட ஆளில்லை. புவிவெப்பப் பயிற்சிக்கு ஆறே மாதம் என்று வந்தவன், அவளை மணந்து நாற்பத்து நான்கு ஆண்டு இங்கே இருந்துவிட்டேன். இப்போது சன்னலுக்கு வெளியே பனி இடுப்பளவு. வாரம் ஒருமுறை நூலகத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்களைக் காட்டுகிறேன். வேறு பணி இல்லை.

நீங்கள் கேட்ட சான்றை நேரில் ஆய்ந்து பார்க்காமல் எழுதுவது முறையன்று. அதற்குமேல் ஒன்று சொல்ல விரும்புகிறேன். நான் ஏன் நாடாளுமன்றத்தில் நான்காண்டோடு நின்றேன் என்று நீங்கள் கேட்டதில்லை, நானும் எழுதியதில்லை. கிழக்குக் கரையில் ஒரு சாலைக்குக் குறுக்கே பெரிய பாறை ஒன்று இருந்தது. கண்ணுக்குத் தெரியாத மக்கள் அதற்குள் வாழ்கிறார்கள் என்பது அவ்வூரார் நம்பிக்கை. இந்நாட்டில் அத்தகைய பாறைக்காகச் சாலையையே வளைத்துப் போடுவதுண்டு. குழுவில் என் கருத்தைக் கேட்டார்கள். எரிமலைக் குழம்பு ஆறிய கல் இது, உள்ளே யாரும் இல்லை என்றேன். அவையில் சிரிப்பு எழுந்தது. இயந்திரம் கொண்டு பாறையைப் புரட்டினார்கள். அடுத்த தேர்தல் கூட்டத்தில் ஒரு பண்ணைக்காரி எழுந்து, "என் அம்மா தினமும் அதற்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் பால் கறக்கப் போவாள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியேறினாள். அவளுக்குப் பின்னால் பாதிக் கூட்டம் எழுந்து போயிற்று. நான் சொன்னது உண்மை. அதன்பின் என்னை யாரும் எதற்கும் கேட்கவில்லை.

கற்களைப் பற்றி மீண்டும் ஒரு சபைக்கு எழுத என் கை வரவில்லை. மாற்றிடம் தருகிறார்கள் என்றால் ஏற்றுக்கொள்ளுங்கள், அண்ணா. கல்லை எடுத்துச் செல்லலாம். அது வரும்.

பணிவன்புடன்
தம்பி மோகனதாஸ்

---

குளுவாங்,
16 ஏப்ரல் 2023

தம்பிக்கு,

சித்திரைப் புத்தாண்டு பிறந்து இரண்டு நாளாகிறது. வாழ்த்துச் சொல்ல வேண்டிய மடலில் வருத்தம் எழுதுகிறேன்.

"கல்லை எடுத்துச் செல்லலாம், அது வரும்" என்று எப்படி எழுதினாய்? மனிதர் நாட்டியது, முனிவர் நாட்டியது, தேவர் நாட்டியது, தானே தோன்றியது என்று ஆகமம் வகுத்த வரிசையில் தானே தோன்றியதற்கே முதன்மை. அதைப் பெயர்ப்பவனுக்கு உய்தி கிடையாது. நீ இதை நம்ப வேண்டாம். உன் அண்ணன் நம்புகிறான் என்பதை நீ அறிவாய்.

நீ ஆறாம் வகுப்பில் தேறியது முதல் கடல் கடந்தது வரை அம்மா அந்தக் கல்லை நூற்றெட்டு நூற்றெட்டாகச் சுற்றி வந்தாள். உனக்கு எரிமலை மேல் கால் முறிந்ததென்று செய்தி வந்த அன்று, அப்பா இறந்த வீட்டில் இருந்தபோதும், தீட்டென்று பாராமல் வெளியில் நின்று கைகூப்பினாள். நீ அவர்கள் நாடாளுமன்றத்தில் அமர்ந்த நாளில் தோட்டத்து மக்கள் பால்குடம் எடுத்தார்கள். ஐஸ்லாந்து எங்கே இருக்கிறதென்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. தோட்டத்துச் செல்லப்பன் ஒலிபெருக்கியில், "நம்ம கிராணியோட சின்ன மவன் வெள்ளக்காரனுக்கே சட்டம் போடப் போறாரு" என்று அறிவித்தான். நீ அந்தப் பாறையைப் புரட்டச் சொன்னதை அவர்கள் அறிய மாட்டார்கள். நானும் சொல்லப் போவதில்லை.

போன வாரம் நிறுவனத்தின் நில அளவையாளர் இரும்புக் கம்பியோடு வந்து, கல்லின் ஆழம் பார்க்கக் குத்தப் போனார். ராஜம்மா குறுக்கே உட்கார்ந்துவிட்டாள். "குத்து. மொதல்ல என் கால்ல குத்து, அப்பறம் சாமிய குத்து" என்றாள். அவர் "சோரி, மக்சிக்" என்று மலாயில் அத்தையென விளித்து மன்னிப்புக் கேட்டுவிட்டுக் காரில் போய் அமர்ந்துகொண்டார். அரைமணி கழித்துப் பார்த்தால் இவளே அவருக்குச் சோற்றுத் தட்டை நீட்டுகிறாள். "பாவம் லா, வெயில்ல வந்த புள்ள" என்றாள் என்னிடம்.

விசாரணை செப்டம்பர் இருபத்தேழு. நேரில் வந்து ஆய்ந்தால்தான் எழுதுவாய் என்றால் வா. உன் அறை இருக்கிறது. வர இயலாதெனில் இரண்டு வரி எழுது. நாற்பத்து நான்கு ஆண்டில் நான் உன்னிடம் வேறெதுவும் கேட்டதாக நினைவில்லை.

அண்ணன்

---

அக்குரேரி,
28 மே 2023

அண்ணா,

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். அமர்ந்து படியுங்கள்.

அந்தக் கல்லை அங்கே வைத்தவன் நான்.

நான் கல் சேர்ப்பது அப்பாவுக்குப் பிடிக்காது என்பது உங்களுக்கு நினைவிருக்கலாம். மூன்று முறை என் கற்களைச் சாக்கோடு கால்வாயில் கொட்டினார். அந்த ஆண்டு ஆற்றுப் பாலத்துக்குக் கீழே இதைக் கண்டேன். கரிய கல், நடுவே வெள்ளைப் பட்டை. சைக்கிளின் பின்னால் கட்டிக் கொண்டுவந்தேன். வீட்டுக்குக் கொண்டுபோனால் போய்விடும். நம் வீட்டார் யாரும் போகாத இடம் லயத்தின் பின்புறம். ரம்புத்தான் மரத்தடியில் ஓரிடத்தில் மண் இளகிக் கிடந்தது. கையாலேயே தோண்ட முடிந்தது. திரும்ப வந்தால் அடையாளம் தெரிய வேண்டுமென்று தலைப்பகுதியை வெளியே விட்டுப் புதைத்தேன். அங்கே மண் ஏன் இளகியிருந்தது என்று எனக்குத் தெரியாது. லயத்துச் சாவுகளைக் கிராணி வீட்டுப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை.

மறுநாள் பள்ளி விட்டுப் போனேன். என் கல்லுக்கு மஞ்சள் பூசியிருந்தார்கள். கூட்டத்தின் முன்னால் அப்பா நின்று தேங்காய் உடைத்தார். அம்மா அந்தக் கல்லின்மேல் கிடந்த சாம்பலை எடுத்து என் நெற்றியில் பூசினாள். அப்பா கையில் பிரம்பு இல்லை; ஆனால் அவர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் திறந்திருக்கலாம். அதற்கடுத்த நாள் கீற்றுக் கொட்டகை போட்டுவிட்டார்கள்.

அந்த வெள்ளைப் பட்டை கல்லுக்குள் எப்படிப் போனது என்ற கேள்விதான் என்னை இந்தப் படிப்புக்குக் கொண்டுவந்தது. கல்லில் விழுந்த பிளவில் வெந்நீர் புகுந்து, விட்டுச் சென்ற படிவு அது. இந்நாட்டு நிலமே அத்தகைய வெந்நீரால் ஆனது. நான் இங்கே வந்ததும் தங்கியதும் அதனால்தான்.

நீங்கள் பூ வைக்கும் நூலின் மூன்றாம் இயல் இதைத்தான் சொல்கிறது. இங்கே பிள்ளைகள் பாடமாகப் படித்துச் சிரிக்கிறார்கள். அதில் ராஜம்மாவின் குழந்தை இல்லை. 1998இல் நீங்கள் அனுப்பிய தல வரலாற்றைப் படித்துத்தான் அது அவளுடைய பிள்ளையின் குழி என்று அறிந்தேன். அறிந்த பின்னும் என் நூலில் அதை எழுதவில்லை. நகைச்சுவை கெட்டுவிடும் என்று விட்டுவிட்டேன்.

மன்னிப்புக் கேட்கும் தகுதி எனக்கில்லை. நீங்கள் பொய்ச் சத்தியம் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதினேன்.

மோகனதாஸ்

---

குளுவாங்,
2 ஜூலை 2023

மோகனதாஸ்,

உன் மடல் ஜூன் பதினைந்தில் வந்தது. நீதிமன்றத்தில் முப்பத்தோராண்டு மொழிபெயர்ப்பாளனாக நின்ற பழக்கத்தால் முதலில் அதை ஒரு சாட்சியத்தைப் படிப்பதுபோலவே படித்தேன். மழைக்காலமா? சைக்கிள் யாருடையது? அப்பாவின் ராலே சைக்கிளைத் தொட உனக்கு அனுமதி இருந்ததா? அன்று உன்னை யாரேனும் கண்டார்களா? இவற்றுக்கு நீ விடை தர வேண்டாம். நீ பொய் சொல்லவில்லை என்பது இரண்டாம் வாசிப்பில் விளங்கிவிட்டது.

அதன்பின் வேறொரு வழியில் முயன்றேன். பெருமான் எவ்வழியிலும் எழுந்தருள வல்லவன். ஒன்பது வயதுப் பிள்ளையின் கை வழியாக வந்தான் என்று கொண்டால் என்ன குறை? பதினேழு நாள் இந்த எண்ணத்தோடு இருந்தேன். இரவலாகப் பெற்ற சட்டை போல் அது என் மேல் பொருந்தவில்லை. ஹேமநாதன் எழுதி வந்த சத்தியப் பத்திரத்தில் நான்காம் பத்தி இது: "மேற்படி கல் எம்மனிதராலும் அங்குக் கொணர்ந்து வைக்கப்பட்டதன்று என்று நான் அறிவேன்." அதன் கீழே என் பெயர் இருக்கிறது, கையொப்பத்துக்கு இடம் விட்டிருக்கிறது.

எத்தனை ஆயிரம் பேருக்குச் சத்திய வாசகத்தைத் தமிழில் சொல்லிக் கொடுத்திருப்பேன். திருடனும் சொன்னான், தாலியறுத்தவளும் சொன்னாள். சிலர் பொய் சொல்லப் போகிறார்கள் என்பது அவர்கள் வாய் திறக்கும்போதே எனக்குத் தெரியும். மொழிபெயர்ப்பவனுக்கு அதைச் சொல்ல உரிமை கிடையாது. அப்போதெல்லாம் நான் ஏழாங்கட்டைக் கல்லை நினைத்துக்கொள்வேன். அது ஒன்றாவது யாரும் வைக்காதது என்று.

வெள்ளிக்கிழமை கோயிலில் பதிகம் பாட நின்றேன். உதடு அசைந்தது. ராஜம்மா, "ஐயாவுக்குக் காதோட சேத்து தொண்டையும் போச்சா?" என்று கேலி செய்தாள். ஆமாம் என்றேன்.

உன் நூலைப் பூசை அறையிலிருந்து எடுத்துவிட்டேன்.

சாம்பசிவம்

---

அக்குரேரி,
6 ஆகஸ்ட் 2023

அண்ணா,

இத்துடன் நீங்கள் கேட்ட சான்று இருக்கிறது. என் பழைய பல்கலைக்கழகப் பட்டங்களும், நாடாளுமன்றத்தில் இருந்த ஆண்டுகளும் தலைப்பில் அச்சிடப்பட்டுள்ளன. கல் தரைப்பாறையின் இயற்கையான முனை என்றும், அதைப் பெயர்க்க இயலாதென்றும், சிறுவயதில் நேரில் கண்டவன் என்ற முறையிலும் துறை அறிஞன் என்ற முறையிலும் உறுதி கூறியிருக்கிறேன். ஒவ்வொரு சொல்லும் பொய். தெரிந்தே எழுதினேன்.

ஒரு பாறையைப் பற்றி உண்மை சொல்லி ஓர் ஊரை இழந்தேன். இதில் பொய் சொல்லி உங்களுக்கு ஓர் ஊர் மிஞ்சுமானால் மிஞ்சட்டும். பாவம் என் கணக்கில் சேரும். நீங்கள் சத்தியம் செய்ய வேண்டாம். ஹேமநாதன் இதை மட்டும் கொடுத்தால் போதாதா? மே மாதக் கடிதத்தை எரித்துவிடுங்கள்.

உங்கள் தம்பி

---

குளுவாங்,
8 அக்டோபர் 2023

தம்பிக்கு,

விசாரணை முடிந்துவிட்டது. உன் சான்றை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். அது நீதிமன்றத்துக்குப் போகவில்லை.

செப்டம்பர் இருபதாம் நாள் ஹேமநாதனின் அலுவலகத்தில் அமர்ந்து, என்னால் கையொப்பமிட இயலாது என்றேன். தம்பியிடமிருந்து தாள் வந்தது, அதையும் தர மாட்டேன், காரணம் கேட்க வேண்டாம் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அங்கிள், என்ன விளையாட்டு இது? இன்னும் ஏழு நாள்தான் இருக்கு. சாட்சி இல்லாம நான் ஜட்ஜ் முன்னாடி என்னா, பாட்டா பாட முடியும்?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, உடல்நலமில்லையா என்று கேட்டார். அதையும் மறுத்தேன். மனு தள்ளுபடியாயிற்று. நவம்பர் இறுதிக்குள் காலி செய்ய வேண்டும்.

உண்மையை நான் மக்களிடம் சொல்லவில்லை. பொய்யையும் நீதிமன்றத்தில் சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவே நின்றால் தூய்மையாக இருக்கலாம் என்று எண்ணினேன் போலும். கோயிற் கூட்டத்தில் செல்லப்பன் எழுந்தான். உனக்குப் பால்குடம் எடுக்க ஏற்பாடு செய்த அதே செல்லப்பன். "புது வீட்டுல எத்தனாவது லைன் குடுத்தான் கம்பெனிக்காரன், கேட்டுச் சொல்லுங்க" என்றான். பின்னாலிருந்து ஒரு குரல்: "கிராணி வூட்டுப் புத்தி எங்க போவும்? அவங்க அப்பன் தொரைக்கு, இவரு கம்பெனிக்கு." ஐம்பது ஆண்டாக அந்த மக்களோடு தரையில் அமர்ந்து சோறுண்டவன் நான். அந்தச் சொல் எங்கே காத்திருந்ததென்று எனக்குத் தெரியவில்லை. செவிக் கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அறங்காவலர் பொறுப்பைச் செல்லப்பனிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் ராஜம்மா இங்கே வந்தாள். பேருந்தில், தனியாக. திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். நாற்காலியில் உட்காராமல் வாசற்படியில் அமர்ந்தாள்.

"நீங்க ஏன் செய்யலன்னு நான் கேக்க வரல ஐயா. பெரியவங்க, ஏதாச்சும் இருக்கும். கல்லு போவட்டும். அது சாமி, எங்க வச்சாலும் சாமிதான். எனக்கு ஒன்னு மட்டும் கேக்கணும். அடியில எம்புள்ள கெடக்கான். அவனயும் எடுத்துகிட்டுப் போவணும். அம்பத்தெட்டு வருசத்துக்கு எலும்பு இருக்குமா ஐயா? உங்க தம்பிகிட்ட கேட்டுச் சொல்லுங்க. மண்ணுல என்னா இருக்கும் என்னா இருக்காதுன்னு தெரிஞ்சவருதான அவரு?"

இத்தனை ஆண்டும் அவள் அந்தக் கல்லின் முன் கைகூப்பி நின்றபோது என்ன வேண்டினாள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. தல வரலாற்றில் அவள் பிள்ளைக்கு நான் தந்த இடம் ஒரே ஒரு வெண்பா.

அவளுக்கு விடை வேண்டும். நீ எழுது.

அண்ணன்

---

அக்குரேரி,
29 அக்டோபர் 2023

அண்ணா,

எதுவும் இராது. அந்த நிலம் புளிப்புத்தன்மை மிக்க செம்மண். ஆண்டுதோறும் மழை வடிந்து சுண்ணத்தைக் கரைத்துவிடும். இரண்டு நாட் குழந்தையின் எலும்பு குருத்தைப் போன்றது, பத்தாண்டுகூட நின்றிராது. மண்ணில் நிறமாற்றம்கூட மிஞ்சியிருக்க வாய்ப்பில்லை.

இதை நீங்கள் சொல்ல வேண்டாம். நான் வருகிறேன். கல்லைப் பற்றியும் அவரிடம் நானே சொல்கிறேன். டிசம்பர் இறுதிக்குப் பயணச்சீட்டுப் பார்த்திருக்கிறேன். வரலாமா என்று ஒரு சொல் எழுதுங்கள்.

தம்பி

---

குளுவாங்,
10 டிசம்பர் 2023

அன்புள்ள தம்பிக்கு,

உன் மடலும், கல் பெயர்க்கும் நாளும் ஒரே வாரத்தில் வந்தன. நவம்பர் இருபத்திரண்டு காலை போனேன். என்னை யாரும் அழைக்கவில்லை, யாரும் தடுக்கவுமில்லை. குருக்கள் பெருமானைக் குடத்து நீரில் எழுந்தருளச் செய்தபின், கடப்பாரையோடு எட்டுப் பேர் சூழ்ந்தார்கள். பத்தடி ஆழமாவது தோண்ட வேண்டியிருக்கும் என்று பளு தூக்கும் வண்டியை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள்.

முதல் நெம்புதலிலேயே வந்துவிட்டது. ஒரு சாண்கூட உள்ளே இல்லை. செல்லப்பன் தனியாகவே அதைத் தூக்கிக்கொண்டு நின்றான். தன் கையில் இருப்பதைப் பார்த்து, "இம்புட்டுதானா?" என்றான், தனக்குள் சொல்வதுபோல். பிறகு ஒரு பெண், "நம்மகூட வரணும்னு சாமி லேசாயிட்டாரு" என்றாள். உடனே எல்லாரும் அரகரா என்றார்கள். சிலர் அழுதார்கள். லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இவ்வளவு எளிதில் அவர்களுக்கு விடை கிடைக்குமென்றால், நான் எதைக் காக்க அவர்களை இழந்தேன் என்று தெரியவில்லை.

ராஜம்மா லாரியில் ஏறவில்லை. பள்ளத்தருகே முழந்தாளிட்டு என்னைப் பார்த்தாள். "தம்பி எழுதிட்டாரா?" என்று கேட்டாள்.

உன் மடல் என் சட்டைப்பையில் இருந்தது. "எழுதிவிட்டான். இருக்கும் என்று எழுதியிருக்கிறான்" என்றேன்.

நீதிமன்றத்தில் சொல்லாததை அவளிடம் சொன்னேன். என் நா தடுமாறக்கூட இல்லை.

அவள் கையாலேயே தோண்டினாள். நான் குனிந்து உதவப் போனபோது, "நீங்க விடுங்க ஐயா, முட்டி வலிக்கும்" என்றாள். முழங்கை அளவு ஆழத்தில் வெள்ளையாக ஒரு துண்டு கிடைத்தது, சுண்டுவிரல் நீளம். முந்தானையால் துடைத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். "பாருங்க. கை எலும்பு" என்றாள். உன்னைப் போல் படித்தவன் அல்லன் நான். ஆயினும் அது கல் என்று தெரிந்தது. ஓரம் கண்ணாடிபோல் மின்னியது. நம் பட்டைக்கல்லின் பட்டை எந்த வகையோ அந்த வகை. நான் இடுப்பிலிருந்த திருநீற்றுப் பையை அவிழ்த்து அதன்மேல் ஒரு சிட்டிகை இட்டேன். அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அவள் புதுக் கோயிலுக்குப் போவதில்லை. பாசிர் கூடாங்கில் மகன் தேன்மொழியைக் கட்டியபின் வாங்கிய அடுக்குமாடி வீட்டில், பதினான்காம் மாடியில், மருமகள் வைத்த சாமி அலமாரியின் கீழ்த்தட்டில் அந்தத் துண்டு ஒரு பால் குவளைக்குள் இருக்கிறதாம். காலையில் அதற்கு முதலில் பால், பிறகுதான் மற்றச் சாமிகளுக்கு என்று தேன்மொழி சிரித்துக்கொண்டே சொன்னாள்.

நான் எந்தக் கோயிலுக்கும் போவதில்லை. நீராடுகிறேன், திருநீறு எடுக்கிறேன். பதிகம் நினைவில் இருக்கிறது. அது யாரை நோக்கிப் பாடப்பட்டது என்பதைத்தான் காணவில்லை.

வரலாமா என்று கேட்டாய். வராதே. நீ வந்தால் ராஜம்மா பேருந்து பிடித்து வந்து அதை உன்னிடம் காட்டுவாள்; மண்ணறிந்தவர் வாயால் ஒருமுறை கேட்க வேண்டும் என்று இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறாள். உனக்குத் தாளில் பொய் எழுத வரும் என்று ஆகஸ்டில் கண்டேன். ஆனால் ஒரு கல்லைக் கையில் கொடுத்தால் உன் முகம் என்ன ஆகும் என்பது, பிறந்த நாள் முதல் உன்னைப் பார்த்தவனுக்குத் தெரியும். உன் கட்டைவிரல் தானாக அதன் ஓரத்தைத் தடவும். அவள் அதைப் பார்த்துவிடுவாள்.

மடலும் இனி வேண்டாம். உன் எழுத்து வந்தால் அவள் என்ன எழுதியிருக்கிறாரென்று கேட்பாள். நான் மீண்டும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கும். பனியில் வழுக்காமல் நட. சிக்ரூன் கல்லறைக்கு என் சார்பில் ஒரு பூ வை.

உன் அண்ணன்
சாம்பசிவம்